குஞ்சம்மாளுக்கு எடுத்த கோடிச் சேலை

1

இந்தக் கதை என் கைக்கு எப்படி வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு கேட்டு என் மானத்தை வாங்காதீர்கள்.

ராசிபுரத்தில் ஒரு கல்யாணப் பந்தி. எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த மனிதர், ரசத்துக்கும் மோருக்கும் நடுவே, தங்கள் குடும்பத்தில் அந்தக் காலத்தில் நடந்த ஒரு கூத்தைச் சொன்னார். அடிபட்டு உயிரோடு இருக்கிற அக்காளுக்கு ஒருவர் கோடிச் சேலை எடுத்துக்கொண்டு போய் இறங்கினாராம். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எதிர் இலைக்காரருக்குப் புரையேறிவிட்டது.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒரு பெண் இறந்துபோனால் அவள் பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுச் சேலை வரவேண்டும். அண்ணன் தம்பி இருந்தால் அவர்கள் கையால் வரவேண்டும். அதைப் போர்த்திய பிறகுதான் பிணத்தை எடுப்பார்கள். அதுதான் கோடி.

அந்த அக்காளுக்கு என்ன அடி, அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். சுவரோ என்னவோ இடிந்து விழுந்து காலொடிந்து கிடந்ததாகக் கேள்வி என்றார். பிழைத்தாளா? தெரியாது. சிரிப்பு இருக்கிற இடம் வரைக்கும்தான் கதை அவர் தலைமுறைக்கு இறங்கி வந்திருந்தது. அடிபட்டவளை நடுவழியில் விட்டுவிட்டுச் சேலையை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. மோர் சாதத்தை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2

தொடக்கம் ஒன்று:

ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த அந்த —

வேண்டாம். மழையில் தொடங்கினால் நீங்கள் அழுவதற்குத் தயாராகிச் சாய்ந்து உட்கார்ந்துவிடுவீர்கள். நடுவில் சிரிக்கவும் இடம் இருக்கிறது.

தொடக்கம் இரண்டு:

குஞ்சம்மாளுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது என்றாலும் —

இதுவும் வேண்டாம். அந்த ‘என்றாலும்’ போட்ட இடத்திலேயே பாதி ஆளைக் கொன்றுவிட்டேன்.

தொடக்கம் மூன்று:

ராசிபுரத்துக்குக் கிழக்கே ஒரு ஊரில், முப்பதுகளின் கடைசியில் ஒரு வருஷம், மழையில் ஊறிப்போன மாட்டுக் கொட்டகைச் சுவர் குஞ்சம்மாள் மேல் விழுந்தது.

இது இருக்கட்டும். கன்றுக்குட்டியை அவிழ்த்து வேறு இடத்தில் கட்டலாம் என்று போனவள் அவள். கன்று தப்பித்துவிட்டது. மண்ணைத் தோண்டி அவளை வெளியே எடுத்தபோது வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. விலா எலும்பிலும் அடி. மூச்சு இழுக்கும்போதெல்லாம் முகம் சுருங்கியது. புருஷன் போய் வெகுகாலம் ஆயிற்று. வீட்டில் மகன் வெங்கடாசலமும் அவன் குடும்பமும்தான். எலும்பு கட்டுகிறவரைக் கூட்டிவந்தார்கள். தோல் கிழியாமல் இருந்தால் பச்சிலையும் மூங்கில் சிம்புமாக வைத்துக் கட்டிவிடுவேன், இது திறந்த காயம், என்னால் ஆகாது என்று அவர் நேர்மையாகச் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, வயசாச்சல்ல என்று ஒரு வார்த்தையைச் சேர்த்துவிட்டுப் போனார்.

அந்த வார்த்தையைப் பற்றிப் பிறகு ஒரு சண்டை போடுகிறேன். ஞாபகப்படுத்துங்கள்.

3

இனி இந்தக் கதை கருப்பண்ணன் மனத்துக்குள்ளிருந்து போகும். குஞ்சம்மாளின் தம்பி. அவருக்கும் அறுபத்தைந்துக்குக் குறையாது. (தம்பியை ‘அவர்’ என்றும் அக்காளை ‘அவள்’ என்றும் எழுதுகிறேன். மரியாதைக் குறைவு இல்லை. தம்பியின் மனத்துக்குள் அக்காள் எப்போதும் அவள்தான்.)

கருப்பண்ணன் வையப்பமலைப் பக்கம் இருந்தார். அன்றைக்குப் பிடுங்கிப் போட்ட கடலைக்கொடியை மழைக்குப் பயந்து ஓலையால் மூடிக்கொண்டிருந்தார். அப்போது வேலிக்கு அந்தப் பக்கம் கந்தன் வந்து நின்றார். கந்தன் அக்காள் வீட்டுப் பண்ணையாள். வேலியைத் தாண்டி அவரை வரவிட மாட்டார்கள், தண்ணீரைக்கூடக் கையில்தான் ஊற்றுவார்கள். அந்தக் காலத்தின் யோக்கியதை அது. மூடி மறைத்தால் கதை பொய்யாகிவிடும்.

கந்தன் சொன்னது தெளிவாகத்தான் இருந்தது.

“பெரியம்மா மேல செவுரு உழுந்துருச்சுங்க. உங்களைக் கையோட வரச் சொன்னாங்க.”

கருப்பண்ணன் மனைவி செல்லியம்மாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். கந்தன் வேண்டாங்க என்றார். அவ்வளவுதான். செல்லியம்மாள் சொம்பைக் கீழே வைத்தாள். கருப்பண்ணன் கையிலிருந்த ஓலை நழுவியது. ஏனென்றால் எழவுச் சேதி கொண்டு வருகிற ஆள் அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார். செத்துப்போனார் என்று வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்; வரச் சொன்னாங்க என்றுதான் சொல்வார். வார்த்தையை யாரும் கேட்பதில்லை. சொம்பைத்தான் பார்ப்பார்கள்.

கந்தன் அடுத்த ஊரில் இன்னொரு உறவுக்காரருக்கும் சொல்லவேண்டியிருந்தது. அவர் திரும்பி நாலு அடி வைப்பதற்குள் பின்னால் ஒப்பாரிச் சத்தம் எழுந்தது. அடிபட்ட சேதிக்கே இப்படி அழுகிறார்களே, எத்தனை பாசமான ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டே அவர் வேகமாக நடந்தார்.*

* கந்தன் ஏன் தண்ணீர் குடிக்கவில்லை? பந்தியில் யாரும் சொல்லவில்லை. வழியில் யாரோ மாடு பூட்டிக் கவலை ஏற்றம் இறைத்துக்கொண்டிருந்த கிணற்றில் வயிறு முட்டக் குடித்திருந்தார் என்று நான் வைத்துக்கொண்டேன். தாகம் இல்லாத ஒரு மனிதர். இத்தனைக்கும் காரணம் அதுதான் என்றால் உங்களுக்குச் சப்பென்று இருக்கலாம். எனக்கு அது பிடித்திருக்கிறது.

4

கருப்பண்ணனும் பெண்களும் ஏறிய வண்டி ராசிபுரத்தில் நின்றது. கைலாசத்தின் கடை. தறி வைத்திருக்கிற குடும்பம்; நெய்வதும் அவர்களே, விற்பதும் அவர்களே. வாசலில் தலைவிரி கோலமாகப் பெண்கள் உட்கார்ந்த வண்டியைப் பார்த்ததுமே கைலாசம் ஒன்றும் கேட்கவில்லை. மேல்தட்டுப் பக்கம் போகாமல் கீழ்த்தட்டிலிருந்து ஒரு சேலையை எடுத்து வைத்தார். கோடிக்கென்றே நெய்து வைக்கிற சேலை அது. இழை நெருக்கம் இருக்காது, பேருக்குக் கரை இருக்கும். எல்லாரும் அதைத்தான் எடுப்பார்கள்.

கருப்பண்ணன் கை ஒரு தரம் மேல்தட்டுப் பக்கம் போயிற்று. அங்கே நல்ல கெட்டிச் சேலை ஒன்று இருந்தது. பிறகு, போய்ச் சேர்ந்தவளுக்கு எது இருந்தால் என்ன என்று தோன்றி, கை தானாகத் திரும்பி வந்தது.

[இந்த இடத்தில் நீங்கள் அவரைக் கஞ்சர் என்று நினைத்துவிடக் கூடாது. நானாக இருந்தாலும் கீழ்த்தட்டுதான். நீங்களும்தான்.]

வண்டியில் போகும்போது அவருக்கு அழுகை வரவில்லை. பசி வந்தது. அக்காள் செத்துக் கிடக்கும்போது வயிறு கூப்பாடு போடுகிறதே என்று அவருக்குப் பெரிய அவமானமாக இருந்தது. செல்லியம்மாளும் மற்றப் பெண்களும் மாற்றி மாற்றி அழுதுகொண்டு வந்தார்கள். அவர் மாட்டின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தார். இனிமேல் தன்னைச் செல்லமாகச் சாமி என்று கூப்பிட, தன்னைவிட மூத்தவர்கள் யாருமே உலகத்தில் மிச்சமில்லை என்ற நினைப்பு வந்ததும்தான் கண் கலங்கியது.

5

ஊர் எல்லையில் பெண்கள் இறங்கினார்கள். தோளோடு தோள் கட்டிக்கொண்டு ஒப்பாரியோடு தெருவுக்குள் போனார்கள். வீடுகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர்கள் முகத்தில் துக்கத்தைவிடத் திகைப்பு அதிகமாக இருந்ததைக் கருப்பண்ணன் கவனித்தார். ஆனால் அர்த்தம் பண்ணிக்கொள்ளவில்லை. அக்காள் வீட்டு வாசலில் பந்தலும் இல்லை, தப்பட்டையும் இல்லை. பெற்ற தாய் சாவுக்குக்கூடச் செலவு செய்ய மனசு வரவில்லையே என்று மருமகன் வெங்கடாசலத்தின் மேல் அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

செல்லியம்மாள் நேராக உள்ளே போய், நங்கையா நங்கையா என்று நாத்தனாரை விளித்து, அடிக்குரலில் எடுத்தாள். அவள் ஒப்பாரிக்கு அந்தச் சுற்று வட்டாரத்தில் பேர் உண்டு. கட்டிலில் கிடந்தவளின் பெருமைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, இனி எங்கே பார்ப்பேன் என்ற இடத்துக்கு வந்தபோது, கட்டிலிலிருந்து குரல் வந்தது.

“செல்லீ, சித்த நிறுத்து. எனக்கே அழுகாச்சி வருது.”

பந்தியில் எல்லாரும் சிரித்தது இந்த இடத்தில்தான். நீங்களும் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் கருப்பண்ணன் சிரிக்கவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். சந்தோஷமும் வெட்கமும் ஒரே நேரத்தில் தாக்கினால் ஒரு மனிதன் என்ன செய்வான்? கக்கத்தில் இருந்த மூட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அக்காள் அதைப் பார்த்துவிட்டாள்.

என்ன அது என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றார். கொண்டா என்றாள். வேறு வழியில்லாமல் கொடுத்தார். அவள் சேலையின் ஓரத்தை விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். பேச மூச்சு சேர்வதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“வலையாட்டம் இருக்குது. சாகறவளுக்கு இது போதும்னு எடுத்தயாக்கும், சாமி.”

கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். விலா வலித்ததால் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. வண்டியில் வராத அழுகையெல்லாம் கருப்பண்ணனுக்கு அப்போது வந்தது.

6

வெங்கடாசலத்தை என்ன செய்வது?

முதலில் எழுதியபோது அவனைக் கெட்டவனாக எழுதினேன். காடு தோட்டம் எப்போது கைக்கு வரும் என்று காத்திருக்கிற மகன். கதைக்கு வசதியாக இருந்தது. ஆனால் அவனைப் பேச வைத்தபோது என் வசதிக்குப் பேச மறுத்துவிட்டான். ஆகவே அந்தப் பக்கங்களைக் கிழித்தேன். உண்மை இதுதான்: சுவர் விழுந்த நாளிலிருந்து அவன் ஒரு வாய் சோறு ஒழுங்காகச் சாப்பிடவில்லை. தாயைக் கட்டிலை விட்டு அசைக்கவே பயந்துகொண்டிருந்தான்.

கருப்பண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வண்டியை அவிழ்க்க வேண்டாம், சேலம் ஆசுபத்திரிக்குப் போகலாம் என்றார். கூடியிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கோடியே வீட்டுக்குள் வந்துவிட்டது, வந்த கோடி திரும்பிப் போகாது, இனி எதற்கு அந்த உடம்பை அலைக்கழிப்பது என்று ஒருவர் இரக்கத்தோடு சொன்னார். யாரோ கரண்டியில் பால் எடுத்துவரப் போனார்கள், நெருங்கிய சொந்தம் எல்லாம் இருக்கும்போதே ஆளுக்கு ஒரு சொட்டு வாயில் விட்டுவிடலாம் என்று. எல்லாரும் சொன்ன காரணம் ஒன்றே. வயசாச்சு.

இப்போது அந்தச் சண்டையைப் போடுகிறேன். வயசாச்சு என்பது ஒரு தகவல். அதை எப்போது தீர்ப்பாக ஆக்கினோம்? இதே சுவர் இருபது வயதுப் பையன் மேல் விழுந்திருந்தால் அந்த ஊரே வண்டிக்கு முன்னால் ஓடியிருக்கும். கிழவி மேல் விழுந்ததால் பால் காய்ச்சப் போனார்கள். அவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை, பால் காய்ச்சப் போனவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் போனாள். எனக்குப் பயமாக இருப்பது அந்த இரக்கத்தைப் பார்த்துத்தான். கொடுமையாக இருந்தால் எதிர்த்துப் பேசலாம்.

கருப்பண்ணனுக்கு இப்படியெல்லாம் வாதம் பண்ணத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். கைலாசத்தின் கடையில், மேல்தட்டிலிருந்து கை திரும்பிய அந்த நேரத்தில், அவர் அக்காளை ஒரு தரம் கைவிட்டாயிற்று. இன்னொரு தரம் முடியாது. பிறந்த வீட்டுக்காரன் நான் சொல்கிறேன், போகலாம் என்று மறுபடியும் சொன்னார். பிறந்த வீட்டுச் சொல்லுக்கு அங்கே மதிப்பு உண்டு. வெங்கடாசலம் அவரைத் தனியாகக் கூப்பிட்டுப்போனான்.

“காலை எடுத்துருவாங்கன்னு சொல்றாங்க மாமா. எடுத்தும் போயிட்டாங்கன்னா? செத்தவங்களை வெளியில இருந்து ஊருக்குள்ள கொண்டாற உடமாட்டாங்களே. ரோட்டு மேல எங்கம்மாவை நான் எங்கீங்க வெக்கிறது?”

இந்தக் கேள்விக்குப் பிறகு பல நாள் பேனாவை மூடி வைத்துவிட்டேன். கருப்பண்ணன்தான் பதில் சொன்னார்.

“எங்க ஊருக்குக் கொண்டு போறேன். அவ பொறந்த ஊடு அது. எவன் தடுக்கறான்னு பாக்கறேன்.”

தன் ஊரிலும் தடுப்பார்கள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் சொன்னார். வெங்கடாசலத்துக்கும் அது தெரியும். இருந்தும் நம்பினான், போய் வண்டியை வாசலுக்கு ஓட்டிவந்தான்.

7

வண்டியில் வைக்கோல் பரப்பிப் படுக்க வைத்தார்கள். தலை எந்தப் பக்கம் இருக்கவேண்டும் என்பதில் ஒரு தகராறு வந்தது. பிணத்துக்குத்தானே கால் முன்னால், ஆகவே தலை முன்னால் என்று முடிவாயிற்று. கோடிச் சேலையைச் சுருட்டிக் காலுக்கு அண்டை கொடுத்தார்கள். அதற்கு மேல் அந்தச் சேலைக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.

மல்லூர் தாண்டுகிற வரைக்கும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் குஞ்சம்மாள் ரோடு போட்டவனை வைதுகொண்டு வந்தாள். மல்லூருக்கு அப்பால் வைவதை நிறுத்திவிட்டாள். அந்த மௌனம் வந்ததும் கருப்பண்ணன் மாட்டை விரட்டச் சொன்னார்.

சேலத்தில் ஒரு ஆசுபத்திரி. பேர் வேண்டாம். டாக்டர் பாலசுந்தரம் நடு வயதுக்காரர், அதிகம் பேசாதவர். காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்ததும் வந்த நாற்றத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. பாதம் கறுத்திருந்தது. பெனிசிலின் நம் ஊர்ப்பக்கம் எட்டிப் பார்க்காத காலம் அது. அவர் தாழ்வாரத்துக்கு வந்து, முழங்காலுக்கு மேலே எடுக்கவேண்டும் என்றார்.

“எடுத்தாலும் பிழைப்பாங்கன்னு என்னால உறுதி சொல்ல முடியாது. இந்த வயசுல உடம்பு தாங்கணும். எடுக்கலைன்னா உறுதியா சொல்ல முடியும்.”

வெங்கடாசலம் மாமாவைப் பார்த்தான். மாமா தரையைப் பார்த்தார். இத்தனை தூரம் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தவருக்கு, வெட்டு என்று சொல்ல நாக்கு எழவில்லை. அந்த நேரத்தில் டாக்டர் சாதாரணமாக ஒன்று கேட்டார். அந்த அம்மாவைக் கேட்டீங்களா?

யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பின்னால் திரும்பிப் பாருங்கள். எலும்பு கட்டுகிறவர் வந்தார், கந்தன் நடந்தார், கோடி வந்தது, பால் காய்ந்தது, தலை எந்தப் பக்கம் என்று சண்டை நடந்தது. இத்தனை பக்கத்தில் ஒருவர்கூட, எழுதுகிற நான் உட்பட, உனக்கு என்ன வேண்டும் என்று குஞ்சம்மாளைக் கேட்கவில்லை.

கருப்பண்ணன் உள்ளே போய்க் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். இந்த இடத்துக்காக அவளுக்கு ஒரு நல்ல வசனம் எழுதி வைத்திருந்தேன். வாழ்ந்தது போதும், பேரன் பேத்தி பார்த்தாயிற்று, ஆனாலும் உங்களுக்காக என்கிற மாதிரி, நிறைவாக, பெருந்தன்மையாக. அதை அவள் சொல்லவில்லை. டாக்டரைக் கூப்பிடச் சொல்லி, எடுத்தால் உயிர் நிற்குமா என்று கேட்டாள். தெரியாதும்மா என்று அவர் உண்மையைச் சொன்னார்.

“பயமாத்தான் இருக்குதுங்க,” என்றாள். “எடுத்துப்போடுங்க. எனக்குச் சாக மனசில்லீங்க.”

அதைச் சொல்லும்போது தம்பியின் முகத்தை அவள் பார்க்கவில்லை. அந்த வயதில் அப்படிச் சொல்வது வெட்கக்கேடு என்று அவளுக்கு யாரோ எப்போதோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கருப்பண்ணன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். சரி அக்கா என்றார்.

8

முடிவுகள்.

அ) மயக்க மருந்து கொடுத்த மேஜையிலேயே அவள் போய்விடுகிறாள். டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வருகிறார். இதை எழுதினேன். வாக்கியங்கள் ரொம்ப நன்றாக வந்தன. அதனாலேயே சந்தேகம் வந்து அடித்தேன். ஒரு கிழவியைக் கொன்று நல்ல வாக்கியம் சம்பாதிக்க வேண்டியதில்லை.

ஆ) பிழைத்துவிடுகிறாள். கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு வாசலில் நின்று மருமகளை அதிகாரம் பண்ணுகிறாள். செல்லியம்மாளின் ஒப்பாரியைத் திரும்பப் பாடச் சொல்லிக் கேட்டு ரசிக்கிறாள். எனக்கு வேண்டிய முடிவு இதுதான், ஒளிக்கவில்லை. ஆனால் அந்தக் காலத்தில், அந்த வயதில், அப்படி அடிபட்டவர்களில் பிழைக்காதவர்களே அதிகம். அவர்களைத் தாண்டிக் குதித்து இவளை மட்டும் வீட்டுக்கு அனுப்ப எனக்குக் கை வரவில்லை.

இ) காலை எடுத்தார்கள். அவள் கண் விழித்தாள். தண்ணீர் கேட்டாள். எல்லாரும் ஆபத்து தாண்டிவிட்டது என்று நினைத்து —

இந்த நாலாவது வாக்கியத்தில்தான் மாட்டிக்கொண்டேன். ஆபத்து தாண்டவில்லை. டாக்டர் பாலசுந்தரம் வெங்கடாசலத்தையும் கருப்பண்ணனையும் நிற்கவைத்துச் சொன்னார். காலால் வருகிற சாவைத் தடுத்தாயிற்று. இனி படுக்கையால்தான் வரும். வயதானவர்கள் மல்லாந்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டிக்கொள்ளும். விலாவில் அடி வேறு, வலிக்குப் பயந்து இருமமாட்டார்கள். ஆகவே உட்கார வைக்கவேண்டும், இருமச் சொல்லவேண்டும், கத்தினாலும் விடக்கூடாது. கடைசியாக ஒன்று சொன்னார்: பாவம் பார்த்துப் படுக்க வைத்துவிடாதீர்கள்.

அவர்கள் பாவம் பார்த்துவிட்டார்கள். பெற்ற தாய் கையெடுத்துக் கும்பிட்டு, படுக்க வை சாமி என்று மகனிடம் கெஞ்சினால் மகன் என்ன செய்வான்? மெல்லச் சாய்த்துப் படுக்க வைத்தான். போர்த்தியும் விட்டான். அடுத்த நாள் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் கஞ்சி கொதிக்கிற சத்தம் கேட்டது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு முதல் தடவையாகக் கோபப்பட்டார்.

ஆசுபத்திரிக் கட்டிலுக்குச் சாய்மானம் இல்லை. தலையணையை அடுக்கினால் சரிந்தது. வெங்கடாசலம் தோளைப் பிடித்துத் தாங்கிப் பார்த்தான். தாயின் முகத்தைப் பார்த்ததும் அவன் கை தளர்ந்துவிட்டது. அப்போது கருப்பண்ணன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கட்டில்மேல் ஏறினார். முகத்தைப் பார்த்தால்தானே மனசு இளகும்? அக்காளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, தன் முதுகை அவளுக்குச் சாய்மானமாகக் கொடுத்தார். வெங்கடாசலம் தாயைத் தூக்கி அந்த முதுகின்மேல் சாய்த்தான்.

9

இப்போது பிற்பகல். வார்டு ஜன்னல் வழியாக வெயில் வந்து கட்டிலின் பாதியில் விழுகிறது. இரண்டு வயசாளிகள் முதுகோடு முதுகாக உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்த கட்டில்காரர்கள் முதலில் வேடிக்கை பார்த்தார்கள், இப்போது பார்ப்பதில்லை.

அவள் நெஞ்சுக்குள் நடப்பதெல்லாம் கருப்பண்ணனுக்கு முதுகில் தெரிகிறது. கொதிக்கிற சத்தம் காதால் கேட்பதைவிடத் தெளிவாக முதுகு எலும்பில் கேட்கிறது. அவள் மூச்சு இழுக்கும்போது இவரும் இழுக்கிறார். அவள் மூச்சு தடுக்கினால் இவருக்கும் தடுக்குகிறது. இருமு அக்கா என்கிறார். அவள் இருமுகிறாள், வலியில் கத்துகிறாள், தம்பியைக் கொலைகாரன் என்கிறாள். அவர் மறுபடியும் இருமு அக்கா என்கிறார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கிறது, ஆனால் அவள் பார்க்க முடியாது. அதற்காகத்தான் திரும்பி உட்கார்ந்தார்.

கொஞ்சம் முன்னால் அவள் கேட்டாள்.

“உனக்கு முதுகு வலிக்கலியா, சாமி? எறங்கு. உனக்கும் வயசாச்சு.”

“நீ இருமு,” என்றார்.

அவருக்கு வலிக்கிறது. இடுப்புக்குக் கீழே மரத்துப்போயிருக்கிறது. வெங்கடாசலம் கஞ்சி வாங்கிவரப் போயிருக்கிறான், இன்னும் வரவில்லை.

முடிவை எழுதவேண்டியவன் நான். ஆனால் அடுத்த வாக்கியத்தை எப்படித் தொடங்கினாலும் கருப்பண்ணன் கட்டிலை விட்டு இறங்கவேண்டியிருக்கிறது. அவள் பிழைத்தால் இறங்குவார். அவள் போய்விட்டால் இறங்குவார். நான் முற்றுப்புள்ளி வைத்தாலும் இறங்கித்தான் ஆகவேண்டும். இறங்கினால் அவள் சாய்ந்துவிடுவாள். நெஞ்சில் அந்தச் சத்தம் குறைகிற மாதிரி எனக்குத் தோன்றுகிறது. சத்தியம் செய்யமாட்டேன்.

ஆகவே பிழைத்தாளா என்று என்னைக் கேட்காதீர்கள். உங்கள் முதுகு எப்படி, நன்றாக இருக்கிறதா? செருப்பைக் கழற்றிவிட்டு இப்படிக் கட்டிலின் இந்தப் பக்கம் வாருங்கள். அவர் மெல்ல நகர்வார், நீங்கள் மெல்ல உட்காருங்கள். அவள் கனம் அதிகமில்லை. கொஞ்ச நேரத்தில் வலிக்கிறது என்பாள். படுக்க வையுங்கள் சாமி என்று உங்களையும் கும்பிடுவாள். வைத்துவிடாதீர்கள். இருமச் சொல்லுங்கள்.